வளைவில் திரும்பிய எறும்புகள்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் இரும்பைக் கழற்றி வைக்க வேண்டும். கதவுக்கு வெளியே ஒரு நீலப் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். சாவிக்கொத்து, கைப்பேசி, இடுப்பு வார், கைக்கடிகாரம், என்னைப் போன்றவர்களின் கொண்டை ஊசி, எல்லாம் அதற்குள் போய்விட வேண்டும். பேராசிரியர் தானே வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்ப்பார். விமான நிலையத்தில்கூட என்னை அப்படிச் சோதித்ததில்லை. ஒருமுறை என் ரவிக்கைக் கொக்கியைப் பற்றிக் கேட்பதா வேண்டாமா என்று அவர் தவித்து நின்றதைப் பார்த்து, "அது பித்தளை சார்" என்று நானே சொல்லி அவரைக் காப்பாற்றினேன்.

அவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. உள்ளே நாங்கள் வளர்த்துவந்தது காந்தத்துக்கு மட்டுமே கட்டுப்படும் ஒரு கூட்டம். கண்ணாடிக் குப்பியில் பார்த்தால் ஒரு சொட்டுக் கறுப்பு மை போலத்தான் இருக்கும். அந்த ஒரு சொட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இயந்திரத் துகள்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. மூளை கிடையாது, மின்கலம் கிடையாது, எங்கே போகிறோம் என்ற நினைப்பும் கிடையாது. ஆனால் சுற்றிலும் உள்ள செம்புச் சுருள்களில் மின்சாரத்தைப் பாய்ச்சி, காந்தப் புலத்தைச் சுழல விட்டால், அவை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாகும். சங்கிலிகள் சேர்ந்து சுழலாகும். அந்தச் சுழல் ஒரே உடம்பாக நகரும், நீளும், ஒடுங்கும், அடைப்பு இருக்கும் இடத்தில் போய்க் குடையும். ரத்தக் குழாய்க்குள் விட்டுக் கட்டியைக் கரைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கனவு. என் அண்ணன் அதற்கு வைத்த பெயர் எறும்பு.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் அந்த அறைக்குள் போனதற்கு அவன்தான் காரணம். முன்பு லாரி ஓட்டினான். சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்ட பிறகு ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவில் ஒரு மையத்தில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறான். ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த நாற்காலிதான். அதற்காக அவனுடைய இடது கையில் ஒரு செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் பதித்திருக்கிறார்கள். அதில் ரத்தம் ஓடும்போது கையைத் தொட்டால் உள்ளே வண்டு சிறகடிப்பது போலிருக்கும். தினமும் காலையில் எழுந்ததும் அவன் செய்யும் முதல் வேலை, அந்தக் கையைக் காதோடு வைத்துக் கேட்பது. சத்தம் இருந்தால் முகம் கழுவப் போவான். சத்தம் இல்லாமல் போன காலைகளும் உண்டு. குழாயில் கட்டி அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கையைக் கிழிக்க வேண்டும், அடுத்த முறை கிழிக்க இடமிருக்குமா என்று தெரியாது.

முதல் தடவை அடைத்தபோது அம்மா பயந்துபோய், ஈப்போ கடைத்தெருவில் ஓர் ஆசாரியிடம் சொல்லி அவனுக்கு ஒரு லாட மோதிரம் செய்து போட்டார். கறுப்புக் குதிரையின் தேய்ந்த லாடத்தை அடித்துச் செய்கிற மோதிரம். நடுவிரலில் போட்டால் சனியின் உக்கிரம் தணியுமாம். அண்ணனுக்கு அதில் பெரிய நம்பிக்கை எல்லாம் இல்லை. அம்மாவோடு மல்லுக்கட்ட அவனிடம் தெம்பு இல்லை, அவ்வளவுதான். எங்கள் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பு முழுவதும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். மரமெல்லாம் போய் வீடு வந்தாலும் அந்த மாதிரி விஷயங்கள் எங்கேயும் போகவில்லை.

பேராசிரியர் வேறு ரகம். அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர்கள். வீட்டில் புத்தக அலமாரி, வெள்ளை அரைக்கைச் சட்டை, நேரம் தவறாமை. காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓர் ஆயுத பூசைக்கு நான் செம்புச் சுருளின் நெற்றியில் சின்னதாகச் சந்தனம் வைத்தேன். மறுநாள் அவர் மருந்துப் பஞ்சு கொண்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காந்தத்துக்குக் கடவுள் பக்தி இல்லை, பிள்ளை" என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனால் அவரிடம் மட்டும் கோபப்பட வராது. இதய அறுவை செய்துகொண்டு வந்த மனிதர், ஓய்வு பெறும் வயதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். இந்த மைச்சொட்டு ஒன்றைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பது எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரு வளைவு எமனாக வாய்த்தது. அண்ணன் கையில் இருக்கும் குழாயைப் போலவே ஒரு மாதிரிக் குழாய் செய்திருந்தோம். மெல்லிய, ஒளி ஊடுருவும் குழாய். கொண்டை ஊசி போல ஒரு வளைவு, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கட்டி. பம்பு துடிக்கும்போதெல்லாம் வளைவு ஆடும். இரும்புக் கவ்வி வைக்க முடியாது. பிளாஸ்டிக் கவ்வி வைத்தால் குழாய் நசுங்கியது. அதனால் அந்த வளைவை யாராவது இரண்டு விரல்களால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பேராசிரியர் அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுத் தரமாட்டார். கையுறையை மாட்டிக்கொண்டு, சுருள்களுக்கு நடுவே கையை நீட்டி, பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் பிடித்துக்கொள்வார்.

கூட்டம் நேராக அழகாக வரும். வளைவுக்கு வந்ததும் ஒரு பக்கமாகச் சாயும். சுவரோடு சுவராக ஒட்டும். அப்புறம் சுழல் கலைந்து, வெறும் மைக்கறையாகப் படுத்துவிடும். நிரலை மாற்றினோம். திரவத்தை மாற்றினோம். சுருள்களை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினோம். தலைகீழாக நின்று பார்த்தோம். எதற்கும் மசியவில்லை.

இதைவிடக் கொடுமை, சில நாட்களில் அது ஒழுங்காகத் திரும்பியது. பேராசிரியர் கருத்தரங்கு ஏதாவதென்று கோலாலம்பூருக்குப் போயிருக்கும் நாட்களில் வளைவை நான் பிடிப்பேன். எறும்புகள் சமர்த்தாகத் திரும்பிப் போய்க் கட்டியைக் குடையும். நான் துள்ளிக் குதித்து அவரைத் தொலைபேசியில் அழைப்பேன். அவர் மறுநாள் வந்து பிடிப்பார். படுத்துவிடும்.

எங்களோடு நிரல் எழுதும் சீனப் பையன் ஒருவன் இருந்தான். ஈப்போக்காரன். மலாயையும் ஆங்கிலத்தையும் கலந்து, எங்கள் ஊரார் எல்லோரையும்போல 'லா' போட்டுப் பேசுவான். என்னை மட்டும் சுத்தமாக அக்கா என்று கூப்பிடுவான். அவன் ஒருநாள் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அக்கா, சார் சுவே லா. அவர் வெளிய போனா ஓடுது, உள்ள வந்தா படுத்துக்குது."

சுவே என்றால் துரதிர்ஷ்டம் பிடித்த ஆள். எங்கள் ஊரில் எந்த இனத்துக்காரனுக்கும் அந்தச் சொல் தெரியும். நாங்கள் அதையே ராசியில்லாத கை என்போம்.

"வாய மூடு லா," என்றேன். "படிச்சவன் பேசுற பேச்சா இது?"

சொன்னேனே தவிர, எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ராசியை நான் நம்பவில்லை. அவர் விரல் நடுங்குகிறது, அறுவைக்குப் பிறகு அவருக்கே தெரியாமல் குழாயை அழுத்துகிறார் என்று நினைத்தேன். அதை எப்படி அவர் முகத்துக்கு நேராகச் சொல்வது?

சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. நிதி கொடுக்கும் குழு நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் அனுப்பியது. அவர்கள் கண்முன்னால் கூட்டம் வளைவைத் தாண்டிக் கட்டியைத் திறந்து காட்டினால் வேலை தொடரும், பிராணிகளில் சோதிக்கும் கட்டத்துக்குப் போகலாம். இல்லையென்றால் அந்த அறை வேறு குழுவுக்குப் போய்விடும். சுருள்களைப் பெட்டியில் கட்டிவிட வேண்டியதுதான். பையனும் நானும் வேறு வேலை தேடிக்கொள்வோம். பேராசிரியர் வீட்டுக்குப் போய்விடுவார். என் அண்ணன் கைக்குள் ஒரு நாள் போக வேண்டிய எறும்பு ஒரு குப்பியிலேயே காய்ந்துபோகும்.

"சார், அன்னிக்கு வளைவை நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ர கை நடுங்குதெண்டு நினைக்கிறீரோ?"

அவர் வலது கையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். துளி அசைவில்லை. நடுவிரலில் ஒரு வெள்ளி மோதிரம் மினுங்கியது. நான்தான் வெட்கப்பட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

குழு வெள்ளிக்கிழமை வருகிறது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையென்று நினைக்கிறேன், தேநீர் கலக்கிற சின்ன அறையில் மூவரும் நின்றிருந்தோம். அங்கேயுள்ள குளிர்ப்பெட்டியின் கதவில் பம்ளிமாஸ் பழ வடிவத்தில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வாங்கிப் போகும் பொருள். அதன் கீழே யாரோ கேட்டரிங் கடையின் விளம்பரத் தாளைச் செருகி வைத்திருந்தார்கள். பேராசிரியர் அதைப் படிப்பதற்காகக் காந்தத்தை எடுத்துவிட்டுத் தாளை உருவினார். படித்தார். "இடியப்பம் இவ்வளவு விலையோ?" என்று முனகிக்கொண்டே தாளைத் திரும்ப வைக்கப் போனார்.

காந்தம் அவர் விரலிலேயே இருந்தது.

அவர் கையை உதறினார். விழவில்லை. ஈயை விரட்டுவதுபோல் மறுபடியும் உதறிவிட்டு, இடது கையால் பிய்த்துக் கதவில் ஒட்டினார். பேச்சு இடியப்பத்திலிருந்து நகரவேயில்லை. அவருக்கு எதுவும் தோன்றவில்லை. நான் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"சார், அந்த மோதிரம் என்ன சார்?"

"இதோ? வெள்ளி. ஆஸ்பத்திரியால வரேக்க என்ர மனுசி போட்டுவிட்டவ."

"வெள்ளில காந்தம் ஒட்டாது சார்."

பையன் தேநீரில் நனைத்த பிஸ்கட்டை எடுக்க மறந்ததில் அது உள்ளேயே விழுந்துவிட்டது. பேராசிரியர் விரலைப் பார்த்தார். பம்ளிமாஸைப் பார்த்தார். மறுபடியும் அதை எடுத்து மோதிரத்தின் அருகே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நடுவிரல், பட்டையான உருவம், உள்ளங்கைப் பக்கம் முலாம் தேய்ந்த இடத்தில் எட்டிப்பார்க்கும் கறுப்பு. வாரம் தவறாமல் அண்ணன் கையில் பார்க்கிற அதே பொருள்தான். ஒரே வித்தியாசம், இதற்கு வெள்ளி முலாம் பூசியிருந்தது.

"இது லாட மோதிரம் சார். சனிக்குப் போடுறது. எங்கண்ணன் போட்டிருக்கு."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?" என்றார். ஆனால் குரலில் சத்து இல்லை. அடுத்த நிமிடம் அவர் ஆய்வுக்கூடத்தை நோக்கி நடையும் ஓட்டமுமாகப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். வாசலில் நீலத் தட்டு இருந்தது. தினமும் எங்கள் எல்லோரையும் துருவித் துருவிச் சோதித்த மனிதர் அந்தத் தட்டைக் கடந்து மோதிரத்தோடு உள்ளே போனார். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று எங்களில் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

சுருள்களை முடுக்கினோம். குழாயில் மைச்சொட்டை விட்டோம். வளைவை நான் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் கையை மெதுவாகக் கொண்டுவந்தார். திரையில் சுழல் அவர் பக்கமாகச் சாய்ந்தது. கையை இழுத்தார். நிமிர்ந்தது. மறுபடியும் நீட்டினார். சாய்ந்தது. கையைக் காட்டிக் காட்டி எடுத்தார். எத்தனை தடவை செய்தார் என்று தெரியாது, அவருக்கு நிறுத்தவே மனமில்லை.

"ஓ, சுவே இல்ல," என்றான் பையன். "ஃபிசிக்ஸ்."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. எனக்கு ஒரு கணம் நெஞ்சு வலியோ என்று பகீரென்றது. பார்த்தால் சிரிக்கிறார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் கெட்ட நேரம் போகட்டும் என்று மனைவி போட்ட மோதிரம் தன் வாழ்நாள் வேலைக்குக் கெட்ட நேரமாக வந்து உட்கார்ந்த கூத்தை அவரே ரசித்தார். எங்களுக்குத் தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. நான் பையனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். நிரல் சரி, திரவம் சரி, சுருள் சரி. நாங்கள் செய்த அத்தனையும் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"கழட்டி வையுங்க சார், இப்பவே அந்தத் தட்டுல," என்றேன்.

சிரிப்பு நின்றது. மோதிரத்தை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். "ஏலாது, பிள்ளை. கழட்டவே மாட்டன் எண்டு அவவுக்குச் சத்தியம் செய்து குடுத்தனான். வெள்ளிக்கிழமை வளைவை நீரே பிடியும்."

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் எலுமிச்சம்பழத்தை நம்பாதவர். சந்தனத்தைத் துடைத்தவர். தன்னை ஏமாற்றிப் போட்ட மோதிரம் என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. இருந்தும் சத்தியம் செய்தது செய்ததுதான் என்கிறார். கையே நடுங்கவில்லை என்று வீம்பு பிடித்தவர், அந்தக் கையை ஒரே வாக்கியத்தில் விட்டுக்கொடுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை காலம் தாங்கிய வளைவை அந்த ஒரு நாள் மட்டும் அவர் ஓரமாக நின்று பார்ப்பதா? அதற்கு நான் விடமாட்டேன்.

அன்று மாலையே அவர் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தேன். கல்லூரி விருந்துகளில் பார்த்துப் பழக்கம். நடந்ததைச் சொன்னேன்.

"அவருக்கு ஏழரைச் சனி நடக்குது, பிள்ளை," என்றார். "நெஞ்சை வெட்டித் தைச்சுப்போட்டு வீட்டை கொண்டுவந்தனாங்கள். இரும்பெண்டு சொன்னால் போடுவாரோ? அதுதான் வெள்ளித் தண்ணி காட்டச் சொன்னனான். இதைப் போட்ட பிறகு ஒருநாளும் நெஞ்சு நோகுதெண்டு சொன்னதில்லை."

விஞ்ஞானம் பேச வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "ஒரு மணி நேரம் மட்டும்தான் ஆன்ட்டி. கழட்டி வாசல்ல தட்டுல வைப்போம். முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

"தட்டிலயோ? அதை அப்பிடிச் சும்மா கழட்டி வைக்கக் கூடாது. ஆராவது போட்டிருக்கவேணும்." அவரே முடிவும் சொன்னார். "வெள்ளிக்கிழமை நான் வாறன்."

வியாழக்கிழமை காலை ஈப்போ பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். கட்டி செய்வதற்கு ஆட்டு ரத்தம்தான் வாங்குவோம். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கறி தொடமாட்டார்கள் என்பதால் கடைக்காரர் அன்றைக்கு ஆடு வெட்டுவதில்லை. முதல் நாளே வாங்கி வைத்தால்தான் உண்டு. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"என்னக்கா, வாரா வாரம் ரத்தம் வாங்குறீங்க. ரத்தப் பொரியல் கடை ஏதும் போட்டுட்டீங்களா?"

"எறும்புக்குண்ணே," என்றேன்.

"எறும்புக்கு சீனி போட்டா போதாதா?" என்று கேட்டபடி கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியரின் கார் வந்து நின்றது. அவர் மனைவி இறங்கினார். மெலிந்த உருவம், மாம்பழ நிறச் சேலை, கையில் விபூதிப் பொட்டலம். வாசலில் வந்து நின்று கணவரின் கையைப் பிடித்தார். மோதிரத்தைத் தானே உருவினார். முழு நேரமும் பேராசிரியர் வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மோதிரத்தைத் தன் நடுவிரலில் போட்டுப் பார்த்தார். பெரிதாக இருந்தது. கட்டைவிரலில் போட்டுக்கொண்டு கையை மூடினார்.

"நான் எவ்வளவு தூரத்தில நிக்கவேணும்?"

"இங்கயே பெஞ்சில உட்காருங்க ஆன்ட்டி. இந்தச் சுவர் தாண்டினா ஒண்ணும் பண்ணாது."

"வேண்டாம். பிறகு என்னாலதான் பிழையாப்போச்செண்டு வரக்கூடாது," என்றார். காருக்குப் போனார். காரை எடுத்து வளாகத்தின் மறுகோடியில், தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் ஆய்வுக்கூடத்தின் கூரைகூடத் தெரியாது.

குழு வந்தது. தட்டில் கைக்கடிகாரங்கள் குவிந்தன. கடைசியாகப் பேராசிரியர் வெறுங்கையைத் தட்டின் மேல் ஒரு தடவை நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். அது எங்களுக்கு மட்டும் விளங்கிய வேடிக்கை.

பம்பு துடித்தது. குழாயின் ஒரு பக்கம் நீலச் சாயம் கலந்த நீர், மறுமுனை ஒரு கண்ணாடிக் குவளைக்குள். நடுவில் ஆட்டு ரத்தக் கட்டி, புளியங்கொட்டை நிறத்தில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குவளை காய்ந்து கிடந்தது. பேராசிரியர் கையுறையை மாட்டி வளைவைத் தாங்கினார். நான் மைச்சொட்டையும் கட்டி கரைக்கும் மருந்தையும் உள்ளே விட்டேன். பையன் புலத்தைச் சுழற்றினான்.

கறுப்பு மேகம் திரண்டது. சுழலாயிற்று. நகர்ந்தது. வளைவுக்கு வந்தது. சாயப்போகிறது, இதோ சாயப்போகிறது என்று மனம் அடித்துக்கொண்டது. பேராசிரியர் திரையைப் பார்க்கவில்லை, விரல்களுக்கிடையில் இருந்த குழாயையே பார்த்தார். சுழல் கொஞ்சம் ஒடுங்கியது, நீண்டது, வளைவின் உள்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது. அத்தனை எளிதாகத் திரும்பியது. இத்தனை நாள் இதற்கா எங்களைப் படாதபாடு படுத்தினாய் என்று அதைத் திட்டத் தோன்றியது.

கட்டியை அடைந்து குடைய ஆரம்பித்தது. ஓரத்தில் செம்மை கரைந்து புகைபோல் எழுந்தது. குழுவில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். இன்னொருவர் கொட்டாவி விட வாயைத் திறந்து, விடாமலே மூடிக்கொண்டார். வெகு நேரம் வேறெதுவும் நடக்கவில்லை. பிறகு கட்டியின் நடுவில் மயிரிழை போல ஒரு நீலக் கோடு ஓடியது.

குவளையில் ஒரு சொட்டு விழுந்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகும்போது வரும் அதே சத்தம்தான். இன்னொரு சொட்டு. இன்னொன்று. பிறகு சொட்டு நூலாகி, நூல் ஒழுகலாகி, நீலத் தண்ணீர் கலகலவென்று குவளைக்குள் இறங்கியது. பையன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். நானும் அவன் காலைப் பலமாக மிதித்தேன். பெருமையில் நெஞ்சு விம்மி எனக்கு அழுகையே வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"மறுபடி ஒரு தடவை செய்து காட்ட முடியுமா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"எத்தனை தடவை வேணும்?" என்றார் பேராசிரியர்.

புதுக் கட்டி வைத்து மறுபடியும் செய்தோம். மறுபடியும் திரும்பியது. மறுபடியும் ஒழுகியது. அவர்கள் எழுந்து நின்று கைகொடுத்துவிட்டு, அறையை யாரும் காலி செய்ய வேண்டியதில்லை, அடுத்த கட்டத்துக்கான வேலையை ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தூங்குமூஞ்சி மரத்தை நோக்கி ஓடினேன். அந்த அம்மா காருக்குள் சன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து இறுக மூடியிருந்தார். மடியெல்லாம் விபூதி. என்னைக் கண்டதும் கதவைத் திறந்தார்.

"அவருக்கு ஒண்டுமில்லையே?" என்று கேட்டார்.

நான் எதைச் சொல்ல ஓடினேனோ அது அவருக்குத் தேவையே இல்லை. அறை போனாலென்ன, இருந்தாலென்ன. அந்த ஒரு மணி நேரமும் சனியைத் தன் கட்டைவிரலில் பிடித்து வைத்துக்கொண்டு, தன் கணவருடைய இதயம் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் அவர் காத்திருந்தார்.

"நல்லா இருக்காரு ஆன்ட்டி. ஜெயிச்சுட்டாரு."

பேராசிரியர் எனக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். வந்து காரின் அருகே நின்று, வலது கையை நீட்டினார். அந்த அம்மா மோதிரத்தைப் போட்டுவிட்டார். "இனி என்னை ஏமாத்தத் தேவையில்லை. இரும்பெண்டே சொல்லிப் போடும்," என்றார் பேராசிரியர். இப்போதெல்லாம் வளைவைப் பிடிக்க வேண்டிய நாட்களில் அந்த அம்மாவும் காரில் வந்துவிடுகிறார். மரத்தடியில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார்.

சனிக்கிழமை பத்து காஜாவுக்குப் போனேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். இடது கையில் ஊசிகள் ஏறி, ரத்தம் இயந்திரத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

"என்ன லா, ஒன் எறும்பு திரும்புச்சா?"

ஆய்வுக்கூடக் கணினியில் பதிவானதைக் கைப்பேசிக்கு மாற்றி வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். வளைவு வந்த இடத்தில் அவன் தலையைத் தூக்கினான். தண்ணீர் ஒழுகியதும் மறுபடி போடச் சொன்னான். மறுபடி போட்டேன். மோதிரக் கதையையும் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சிரித்தான்.

"அப்ப எனக்கு எப்ப?"

"பொய் சொல்ல மாட்டேண்ணே. ரொம்ப நாள் ஆகும். மொதல்ல எலி, அப்புறம் பன்னி, அப்புறம்தான் மனுஷன்."

"பன்னிக்கு அப்புறமா நானு," என்றான். பிறகு வலது கையை என் பக்கம் நீட்டினான். "இந்தா, இதைக் கழட்டு."

"அம்மா திட்டும்."

"திட்டட்டும் லா. ஒரு நாளு அதுங்க என் கைக்குள்ள வரணும்ல. நான் இரும்பைப் போட்டுக்கிட்டு நின்னா அதுங்க எப்படித் திரும்பும்? இப்பவே பழகிக்கிறேன்."

விரல் வீங்கியிருந்ததால் மோதிரம் இறுகிக் கிடந்தது. தாதியிடம் கொஞ்சம் சோப்பு வாங்கிவந்து தடவி மெல்ல உருவினேன். அது இப்போது என் சாவிக்கொத்தில் இருக்கிறது. தினமும் காலையில் அந்த நீலத் தட்டில் நான் முதலில் கழற்றிப் போடுகிற இரும்பு அதுதான்.